ஒன்றேகால் மில்லிமீட்டர்

பல் வைத்தியத்துக்கென்று முதன்முதலில் ஒழுங்கான ஒரு புத்தகம் எழுதியவர் பியேர் ஃபொஷார் என்ற பிரெஞ்சுக்காரர். 1728-இல் பாரீசில் இரண்டு தொகுதிகளாக வந்தது. 'லெ ஷிரூர்ழியன் தான்திஸ்த்' என்று பெயர். பல் அறுவை வைத்தியர் என்று தமிழில் சொல்லலாம். அந்தக் காலத்தில் பல் பிடுங்குவது சந்தையில் கூட்டம் சேர்த்து வித்தை காட்டுகிறவர்களின் தொழில். பல்லுக்குள் புழு இருந்து குடைகிறது என்று படித்தவர்களும் நம்பினார்கள். ஃபொஷார் உருப்பெருக்கி வைத்துத் தேடிப் பார்த்துவிட்டு, என் கண்ணுக்கு ஒரு புழுவும் தென்படவில்லை என்ற பொருள்பட எழுதினார். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் இந்த மாதிரிப் பழைய புத்தகங்களை அசலிலேயே புரட்டிப் பார்க்கும் வசதி எனக்கு உண்டு. பழைய அச்சில் 'எஸ்' எழுத்து 'எஃப்' மாதிரி இருக்கும். பத்துப் பக்கம் கண்ணைக் கசக்கினால் பழகிவிடும்.

ஃபொஷாருக்கு ஒரு ஆசை இருந்தது. விழுந்த பல்லை அதே குழியில் திரும்ப நட முடியுமா, ஒருவர் பல்லை எடுத்து இன்னொருவர் வாயில் நட முடியுமா என்று பார்த்தார். அவருக்குப் பிறகு லண்டனில் ஜான் ஹண்டர் ஒரு மனிதப் பல்லைச் சேவலின் கொண்டையில் நட்டுப் பார்த்தார். ஏழைகள் காசுக்குத் தங்கள் நல்ல பல்லை விற்றார்கள், பணக்காரர் வாயில் அது கொஞ்ச காலம் நின்று பிறகு ஆடி விழுந்தது. 1809-இல் மஜ்ஜோலோ என்பவர் பிரான்சின் நான்சி நகரத்தில் வெளியிட்ட பல் வைத்தியக் கையேட்டில், தங்கத்தால் ஒரு வேர் செய்து, பல் பிடுங்கிய குழியில் வைத்து, சதை ஆறிய பிறகு மேலே பல் பொருத்தும் முறையைச் சொன்னார். இன்றைக்கு இம்பிளான்ட் என்கிறோமே, யோசனை அதுதான். உலோகம்தான் சரியாக அமையவில்லை.

இதைவிடப் பழைய சாட்சி ஒன்றும் பிரான்சில் இருக்கிறது. பாரீசுக்குத் தெற்கே எஸ்ஸோன் மாவட்டத்தில் ஷாந்தாம்ப்ர் என்ற இடத்தில் ரோமானியர் காலத்து இடுகாட்டைத் தோண்டியபோது, ஒரு மனிதனின் மேல்தாடையில் வலப்பக்கம் பல் இருக்க வேண்டிய இடத்தில் இரும்புத் துண்டு இருப்பதாக ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். 1998-இல் 'நேச்சர்' பத்திரிகையில் வந்தது. எலும்பு அதைச் சுற்றி நன்றாகப் பிடித்திருந்ததாம். அது இரும்பே இல்லை, மண்ணில் கிடந்து நிறம் மாறிய சொந்தப் பல்தான் என்று வேறு சிலர் மறுத்தார்கள். எந்தப் பக்கம் உண்மையோ, இரண்டாயிரம் வருஷத்துக் கட்சி கட்டல் இன்னும் முடியவில்லை.

எலும்பு ஏற்றுக்கொள்ளும் உலோகம் கிடைத்தது தற்செயலாக. ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் 1952-இல் பேர்-இங்வார் பிரானெமார்க் என்ற இளம் வைத்தியர் முயலின் கால் எலும்பில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதற்காக டைட்டானியத்தில் செய்த ஒரு சிறு குழாயைப் பொருத்தினார். உள்ளே பூதக்கண்ணாடி வேலை. சோதனை முடிந்து, விலை கூடிய அந்தச் சாமானைத் திரும்ப எடுத்து இன்னொரு முயலுக்கு வைக்கலாம் என்று பார்த்தால், வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்னொருவராக இருந்தால் சாமான் வீணாயிற்றே என்று கணக்கில் எழுதியிருப்பார். இவர் யோசித்தார். 1965-இல் கோதன்பர்க்கில் பிறவியிலேயே தாடை கோணியிருந்த, கீழ்ப்பல் இல்லாத யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக டைட்டானியத் திருகுகளை வைத்தார். லார்சன் 2006-இல் இறக்கும்போதும் அவை வாயில் இருந்தன. நாற்பது வருஷம்.

ஆனால் சொந்த நாட்டுப் பல் வைத்தியர்கள் பல வருஷம் அவரை நம்பவில்லை. 1982-இல் கனடாவின் டொராண்டோ நகரத்தில் ஜார்ஜ் ஸார்ப் என்ற பேராசிரியர் கூட்டிய மாநாட்டில்தான் வட அமெரிக்காவின் பல் கல்லூரிக்காரர்கள் அந்தக் கணக்குகளைப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகு வியாபாரம் பிடித்துக்கொண்டது.

இதுவரை சொன்னது எலும்பு ஒட்டுமா ஒட்டாதா என்ற கேள்வி. அது தீர்ந்த பிறகுதான் அடுத்த கேள்வி எழுந்தது: எங்கே நடுவது? என் இன்றைய விஷயம் அதுதான்.

பிரானெமார்க் காலத்தில் ஈறைக் கீறித் திறந்து, எலும்பைக் கண்ணால் பார்த்து, எங்கே எலும்பு தடிமனாக இருக்கிறதோ அங்கே துளை போட்டார்கள். திருகு நன்றாக நின்றது. ஆனால் மேலே பல் கட்டுகிற வைத்தியர் வந்து பார்த்தால் திருகு நாக்குப் பக்கம் சாய்ந்திருக்கும், அல்லது இரண்டு பல்லுக்கு நடுவில் முளைத்திருக்கும். தூண் ஒரு இடத்தில், உத்திரம் ஒரு இடத்தில். ஆகவே முதலில் பல் எங்கே வர வேண்டும் என்று தீர்மானித்து, அங்கிருந்து கீழ்நோக்கி வேரைக் குறிக்க வேண்டும் என்ற எண்ணம் பிறகு வந்தது. சொல்வது சுலபம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே குறிக்க முடியும்?

தாடைக்குள் இருப்பதைச் சொல்கிறேன். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு சுரங்கம் மாதிரி நரம்பு ஓடுகிறது. கடைவாய்ப் பல்லுக்கு அடியில் வந்து, முன்கடைவாய்ப் பல் அருகே ஒரு சிறு ஓட்டை வழியாக வெளியே வந்து, கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சியைக் கொடுக்கிறது. மேல்தாடையில் மூக்குப் பக்கத்துக் காற்றறை இருக்கிறது. இரண்டு பக்கமும் மற்றப் பற்களின் வேர்கள். பக்கத்துப் பல்லிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், இரண்டு இம்பிளான்டுக்கு நடுவில் மூன்று மில்லிமீட்டர் விட வேண்டும் என்பது பாடம். திருகின் தடிமனே நாலு மில்லிமீட்டர் அளவு, நீளம் பத்து மில்லிமீட்டர் அளவு. மொத்த மைதானமும் ஒரு புளியங்கொட்டை அளவு இடத்தில்.

ரோன்ட்கன் எக்ஸ்-ரே கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பர். 1896 ஜனவரியிலேயே ஜெர்மனியின் ஓட்டோ வால்க்காஃப் என்ற பல் வைத்தியர் தன் பல்லையே படம் எடுத்துக்கொண்டார். இருபத்தைந்து நிமிஷம் வாயில் கண்ணாடித் தகட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பின்லாந்தின் பாட்டேரோ முழுத் தாடையையும் ஒரே படத்தில் விரித்துக் காட்டும் முறையைக் கொண்டுவந்தார். நம் ஊரில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், காது முதல் காது வரை பல்லெல்லாம் சிரிக்கிற நீளப் படம். அதில் ஒரு தொந்தரவு உண்டு. அசலைவிடப் பெரிதாகக் காட்டும். அதுவும் ஒரே சீராகப் பெரிதாக்காது. ஒரு பக்கம் பத்து சதவீதம், இன்னொரு பக்கம் முப்பது சதவீதம் என்று போகும். இதற்காக வைத்தியர்கள் வாயில் ஐந்து மில்லிமீட்டர் எஃகுக் குண்டு ஒன்றை வைத்துப் படம் எடுப்பார்கள். படத்தில் குண்டு ஆறே கால் என்று வந்தால், மற்றதையெல்லாம் அந்த விகிதத்தில் குறைத்துக்கொள்வார்கள். எளிய தந்திரம், நல்ல தந்திரம். ஆனாலும் எலும்பின் அகலம் அதில் தெரியவே தெரியாது. தட்டையான படத்துக்கு ஏது அகலம்?

அகலத்தைக் காட்டியது சி.டி. ஸ்கேன். 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளையை ஹவுன்ஸ்ஃபீல்டின் எந்திரம் படம் எடுத்தது. அவர் இசைத்தட்டு வெளியிடும் கம்பெனியான இ.எம்.ஐ.-யில் பொறியாளர். 1979-இல் கோர்மாக்குடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். 1980-களின் பின்பாதியில் தாடைக்கென்று குறுக்குவெட்டுப் படம் தயாரிக்கும் மென்பொருள்கள் வந்தன. 1990-களின் தொடக்கத்தில் அந்தப் படத்திலேயே இம்பிளான்டை வரைந்து பார்க்கும் மென்பொருளும் வந்தது. சி.டி.-யின் கதிர்வீச்சு கொஞ்சம் அதிகம், எந்திரம் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கும். 1998-இல் இத்தாலியின் வெரோனாவில் மோட்ஸோவும் அவர் கூட்டாளிகளும் பல்லுக்கென்றே கூம்பு வடிவக் கதிரால் ஒரே சுற்றில் படம் எடுக்கும் எந்திரத்தைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் ஜப்பானில் அராயும் அதைச் செய்தார். கோன் பீம் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

ஆக, திரையில் தாடை வந்துவிட்டது. திரையில் திருகையும் நட்டாயிற்று. அதை வாய்க்குள் கொண்டுபோவது எப்படி?

இந்த இடத்தில் இரண்டு பிரெஞ்சுக் கதைகள் வருகின்றன. இரண்டையும் சொல்லாமல் போக எனக்கு மனசில்லை.

லியோன் நகரத்தில் ஃபிரான்சுவா துரே என்ற மாணவர் 1973-இல் ஒரு ஆய்வேடு கொடுத்தார். தலைப்பு 'ஆம்ப்ரேன்த் ஒப்டிக்'. ஒளியால் அச்சு எடுப்பது என்று பொருள். பல்லில் மாவு மாதிரிப் பசையை அப்பி அச்சு எடுத்துப் பார்த்திருக்கிறீர்களே, குமட்டிக்கொண்டு வரும். அதற்குப் பதிலாக ஒளியால் பல்லை அளந்து, கணக்கிட்டு, எந்திரம் பல்லைக் கடைந்து தர வேண்டும் என்பது அவர் யோசனை. அப்போது கம்ப்யூட்டர் ஒரு அறை முழுக்க இருக்கும். ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1985 நவம்பரில் பாரீசில் நடந்த பல் வைத்தியர் மாநாட்டில், எல்லோர் கண்முன்னாலும் தன் மனைவியின் பல்லை ஒளியால் அளந்து, எந்திரத்தில் உறை கடைந்து, ஒரு மணி நேரத்துக்குள் பொருத்திக் காட்டினார். மனைவியைத்தான் உட்கார வைத்திருக்கிறார். வேறு யார் உட்காருவார்கள்? அதே வருஷம் செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சில் மோர்மானும் பிராண்டெஸ்டினியும் தங்கள் எந்திரத்தால் முதல் நோயாளிக்குப் பல்லில் அடைப்பு வைத்துவிட்டார்கள். சந்தையைப் பிடித்தது ஜூரிச் எந்திரம்.

இரண்டாவது கதை இன்னும் வருத்தமானது. திரவப் பிசினை ஒளிபாய்ச்சி அடுக்கடுக்காக இறுகச் செய்து பொருள் உண்டாக்கும் முறைக்கு, அதாவது இன்றைய 3டி பிரின்டிங்குக்கு, 1984 ஜூலை 16-ஆம் தேதி பிரான்சில் லெ மெயோதே, தெ வித், ஆந்த்ரே என்ற மூவர் காப்புரிமை கேட்டு மனு போட்டார்கள். மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 8-ஆம் தேதி, அமெரிக்காவில் சார்லஸ் ஹல் மனு போட்டார். பிரெஞ்சுக்காரர்களின் நிறுவனம் இதில் வியாபாரம் இல்லை என்று சொல்லி விஷயத்தைக் கைவிட்டது. ஹல்லுக்கு 1986-இல் உரிமை கிடைத்தது, உலகம் அவரைக் கண்டுபிடிப்பாளர் என்கிறது. ஒரு கோப்பில் 'லாபகரமானதாகத் தெரியவில்லை' என்று யாரோ எழுதிய ஒரு வரி எவ்வளவு தூரம் போகும் என்பது, கோப்பிலேயே ஆயுளைக் கழித்த என் போன்றவர்களுக்குத்தான் சரியாக உறைக்கும்.

இந்தக் கண்ணிகள் எல்லாம் ஒன்று சேர்ந்தது பெல்ஜியத்தின் லூவனில். அங்கே 1990-இல் தொடங்கிய மெட்டீரியலைஸ் நிறுவனம் பிசினில் உடற்பாகங்களின் மாதிரிகள் செய்துகொண்டிருந்தது. அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தின் டேனியல் வான் ஸ்டீன்பெர்க் குழு, ஸ்கேனில் திட்டமிட்டு, அந்தத் திட்டப்படி ஓட்டைகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் அச்சைத் தயாரித்து, அதை வாயில் மாட்டி, ஓட்டை வழியாகவே துளை போட்டு, முன்கூட்டியே செய்து வைத்த பல்வரிசையை உடனே மாட்டிவிடும் முறையை 2002-இல் எழுதியது. 'ஒரு மணி நேரத்தில் பல்' என்று விளம்பரம் ஆனது. 2005-இல் பெரிய கம்பெனிகள் கடையில் கொண்டுவந்தன. ஈறைக் கீறித் திறக்கவே வேண்டாம், தையல் வேண்டாம், வீக்கம் குறைவு. உண்மைதான், அந்த அனுகூலங்கள் மெய்யானவை.

அந்த அச்சுக்கு கைடு என்று பெயர். ஓட்டைக்குள் ஒரு உலோக வளையம், ஸ்லீவ். டிரில் அதற்குள் நுழைந்து இறங்கும். பார்த்தால் தப்பவே வழியில்லை என்று தோன்றும். நம்முடைய பத்திரிகை விளம்பரங்களிலும் 'கம்ப்யூட்டர் துல்லியம்' என்றுதான் போடுகிறார்கள், துல்லியம் எவ்வளவு என்று ஒருவரும் போடுவதில்லை.

நான் வேலை பார்த்தது நில அளவைப் பதிவேடுகள் இருந்த ஒரு அலுவலகத்தில். அங்கே எங்களுக்கு ஒரு பாடம் சீக்கிரமே வரும். வரைபடம் காகிதத்தில் இருக்கிறது, எல்லைக்கல் வயலில் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது சட்டம். வெயிலில் சங்கிலி நீளும், இழுப்பவன் தொய்வாகப் பிடிப்பான், படம் வரைபவன் பென்சில் முனை தடிமனாக இருக்கும், நகல் எடுக்கும்போது காகிதம் சுருங்கும். ஒவ்வொன்றும் அற்பம். கூட்டினால் ஒரு வரப்பு. வரப்புக்குக் கொலை விழுந்த ஊர்கள் உண்டு.

கைடு கதையும் இதேதான். ஸ்கேன் எடுக்கும்போது நோயாளி கொஞ்சம் அசைந்தால் ஒரு பிசகு. பழைய உலோக அடைப்புகள் இருந்தால் படத்தில் கோடுகள் விழுந்து பல்லின் ஓரம் மங்கும். வாய்க்குள் ஒளியால் எடுத்த அச்சையும் எலும்பின் ஸ்கேனையும் கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்று பொருத்த வேண்டும், அதில் ஒரு பிசகு. கைடை அச்சடிக்கும்போது பிசின் இறுகிச் சுருங்கும். ஸ்லீவுக்குள் டிரில் சுழல வேண்டுமானால் கொஞ்சம் இடைவெளி விட்டே ஆக வேண்டும், அந்த இடைவெளியில் டிரில் சாயும். ஸ்லீவுக்கும் எலும்புக்கும் தூரம் கூடக் கூடச் சாய்வின் விளைவும் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கைடு எதன் மேல் உட்காருகிறது என்பது. மிச்சப் பற்களின் மேல் உட்கார்ந்தால் கெட்டியாக நிற்கும். ஒரு பல்லும் இல்லாத வாயில் ஈறின் மேல் உட்கார வேண்டும். ஈறு மெத்தை மாதிரி, அமுங்கும். அதற்காகக் குறுக்கே ஊசிகள் அடித்து நிறுத்துகிறார்கள். என் வயசுக்காரர்களுக்கு வேண்டியதோ பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. எங்கே அதிகம் தேவையோ அங்கே துல்லியம் குறைவு.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். முறை எளிது. நடுவதற்கு முன் போட்ட திட்டத்தையும், நட்ட பிறகு எடுத்த ஸ்கேனையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து, திருகின் தலை எவ்வளவு தள்ளிப் போயிற்று, நுனி எவ்வளவு தள்ளிப் போயிற்று, எத்தனை பாகை சாய்ந்தது என்று பார்ப்பது. 2009-இல் யுங் குழு அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிச் சொன்ன சராசரி: தலையில் 0.74 மில்லிமீட்டர், நுனியில் 0.85. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அந்தத் திரட்டில் பிளாஸ்டிக் தாடையிலும் பிணத்தின் தாடையிலும் செய்த ஆய்வுகளும் கலந்திருந்தன. பிளாஸ்டிக் தாடை எச்சில் விழுங்காது, வாயை மூடாது, பயப்படாது. 2014-இல் தமாசெப் குழு திரட்டியபோது தலையில் 1.12, நுனியில் 1.39 ஆயிற்று. கூடவே இன்னொரு எண்ணும் இருந்தது: நுனியில் ஏற்பட்ட அதிகபட்சப் பிசகு 7.1 மில்லிமீட்டர். 2018-இல் அதே குழு நோயாளிகளின் வாயில் செய்த இருபது ஆய்வுகளை மட்டும், 471 பேரின் 2,238 இம்பிளான்டுகளை, எடுத்துக்கொண்டு பார்த்தது. தலையில் 1.2, நுனியில் 1.4, சாய்வு 3.5 பாகை.

பழைய குமாஸ்தா புத்தியால் கணக்கை ஒரு முறை சரிபார்த்தேன். 3.5 பாகை சாய்ந்தால் பத்து மில்லிமீட்டர் ஆழத்தில் 0.6 மில்லிமீட்டர் விலகும். தலையிலுள்ள 1.2-உடன் அதைச் செங்கோணத்தில் சேர்த்தால் 1.34 வரும். எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப் போகின்றன, யாரும் அடித்துவிட்டதாகத் தெரியவில்லை.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு கைடே வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அதே லூவனில் வெர்குருய்சன் குழு பல்லே இல்லாத தாடைகளில் சோதனை செய்து 2014-இல் வெளியிட்டது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சிலருக்கு கைடு வைத்தும், சிலருக்கு அது இல்லாமலும் நட்டார்கள். கைடு வைத்தவர்களுக்கு நுனியில் சராசரி 1.6 மில்லிமீட்டர், சாய்வு 3 பாகை. கைடின் துணை இல்லாதவர்களுக்கு நுனியில் 2.9, சாய்வு ஏறக்குறைய 10 பாகை. கை பழகிய நிபுணர்களின் கதையே இது. ஆக, கம்ப்யூட்டர் பிசகைப் பாதியாக்குகிறது. மிச்சப் பாதி அங்கேயேதான் இருக்கிறது. அதனால்தான் நரம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டராவது தள்ளியே திட்டமிட வேண்டும் என்று அந்த ஆய்வாளர்களே எழுதுகிறார்கள். சராசரி 1.4 என்றால் இரண்டு போதும் என்று தோன்றும். சராசரி என்பது எல்லோருக்கும் அவ்வளவுதான் என்ற உத்தரவாதம் இல்லையே.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பர். சில வருஷங்களுக்கு முன் கீழ்த்தாடையில் இடப்பக்கம் ஒரு இம்பிளான்ட் வைத்துக்கொண்டார், கைடு இல்லாமல். மரத்துப்போன உதடு மறுநாள் விழிக்கவில்லை, மறுமாதமும் விழிக்கவில்லை. "கீழுதடு பாதி என்னோடது இல்லப்பா" என்பார். காபி குடித்தால் முகவாயில் வழிவது தெரியாது, அவர் மனைவி துண்டை எடுத்துத் துடைத்துவிடுவார். பேரன் முத்தம் கொடுத்தால் வலப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஒருநாள் கேட்டார்: "ஏம்ப்பா, நீதான் எல்லாம் படிக்கிறியே, கம்ப்யூட்டர் வெச்சுப் பண்ணியிருந்தா நான் தப்பிச்சிருப்பேனா?"

இந்தக் கேள்விக்கு ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாததன் காரணம், அது இரண்டு கேள்வி. திட்டம் சரியாக இருந்து கை தவறியதா, அல்லது திட்டத்திலேயே நரம்பு தப்பாகக் குறிக்கப்பட்டதா? கை தவறியிருந்தால் கைடு பெரும்பாலும் காப்பாற்றியிருக்கும். நரம்பின் சுரங்கத்தைத் திரையில் தப்பான இடத்தில் கோடு போட்டிருந்தால், கைடு அந்தத் தப்பை மிக விசுவாசமாக நிறைவேற்றியிருக்கும். எங்கள் அலுவலகத்தில் நகல் எடுப்பவர்களில் மகா கெட்டிக்காரர் ஒருவர் இருந்தார். மூலத்தில் தப்பான அளவு இருந்தாலும் அட்சரம் பிசகாமல் அதையே எழுதுவார். நகல் துல்லியம், நிலம் வேறு. நான் சொன்ன மில்லிமீட்டர் எண்களெல்லாம் இந்த நகலின் துல்லியத்தைத்தான் அளக்கின்றன. திட்டம் சரியா என்பதை எந்த ஆய்வின் 1.2-உம் சொல்லாது. நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் உதட்டைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ போட்ட படத்தைக் கேட்டு வாங்கிப் பாக்கணும்" என்றார். கேட்டார். நீளப் படம் ஒன்றுதான் இருந்தது, குறுக்குவெட்டு எடுக்கவே இல்லை. எலும்பின் அகலம் தெரியாமலே நட்டிருக்கிறார்கள்.

கைடில் இன்னொரு சங்கடமும் உண்டு, விளம்பரத்தில் வராது. எலும்பு சூடானால் செத்துவிடும். 47 டிகிரி சூடு ஒரு நிமிஷம் இருந்தால் எலும்புக்குக் கேடு என்று பிரானெமார்க்கின் ஊரான கோதன்பர்க்கில் எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் முயலில் சோதித்து 1983-இல் எழுதினார்கள். துளை போடும்போது குளிர்ந்த உப்புநீரைப் பாய்ச்சுவது அதனால்தான். கைடு வாயை அடைத்துக்கொண்டிருந்தால் தண்ணீர் டிரிலின் நுனிக்குப் போவது குறையும். ஆகவே டிரிலை அடிக்கடி மேலே தூக்க வேண்டும், பக்கவாட்டில் ஜன்னல் வைத்த கைடு செய்ய வேண்டும். மேலும், இதற்கான டிரில்கள் ஸ்லீவின் உயரத்துக்கும் சேர்த்து நீளமானவை. கடைவாயில் நுழைக்க நோயாளி நன்றாக வாயைத் திறக்க வேண்டும். வயசான தாடை மூட்டுகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

பிளாஸ்டிக் கைடு வேண்டாம், டிரில் இருக்கும் இடத்தைக் காமிரா பார்த்துத் திரையில் அந்தக் கணமே காட்டட்டும் என்று மூளை அறுவை வைத்தியர்களிடமிருந்து ஒரு முறையைக் கடன் வாங்கினார்கள். பிறகு ரோபோ. 2016 டிசம்பரில் அமெரிக்க அரசு யோமி என்ற எந்திரக் கைக்கு அனுமதி கொடுத்தது. அது வைத்தியரின் கையைப் பிடித்துக்கொள்ளும், திட்டத்தை விட்டு விலகினால் தடுக்கும். 2017 செப்டம்பரில் சீனாவின் சியான் நகரத்தில் ஒரு ரோபோ தானாகவே ஒரு பெண்மணிக்கு இரண்டு இம்பிளான்டுகளை நட்டது. பிசகு 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் என்று செய்தி வந்தது. வைத்தியர்கள் பக்கத்தில் நின்றார்கள். திட்டத்தை முன்கூட்டியே போட்டுக் கொடுத்தவர்களும் மனிதர்கள்தான்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு நெடுநாள் உறுத்தியது. நட்ட பிறகு இன்னொரு ஸ்கேன் எடுத்தால்தான் பிசகு தெரியும். ஆய்வுக்கு ஒப்புக்கொண்டவர்களுக்கு எடுத்தார்கள். சாதாரண நோயாளிக்கு, தேவையில்லாமல் கதிர் பாய்ச்சக் கூடாது என்று எடுப்பதில்லை, அதுவும் நியாயம். ஆகவே உலகத்தில் இம்பிளான்ட் வைத்துக்கொண்ட பெரும்பாலோருக்குத் தன் வாயிலுள்ள திருகு திட்டத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது தெரியாது, வைத்த டாக்டருக்கும் தெரியாது. இப்போது திருகின் தலையில் ஒரு சின்ன முளையை மாட்டி, வாய்க்குள் ஒளியால் படம் எடுத்து, அதிலிருந்து உள்ளே திருகு நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுத் திட்டத்தோடு ஒப்பிடுகிறார்கள். கதிர் கிடையாது, சில நிமிஷ வேலை. துரே லியோனில் எழுதிக் கொடுத்த அந்த ஒளி அச்சுதான்.